நிலத்தின் படம் யார் கையில்?

வயல் ஒன்றுதான். ஆனால் சர்க்காரிடம் அதற்குப் படங்கள் பல. சர்வே கல்லையும் அளவையும் காட்டும் புலப்படம் நில அளவை இலாகாவிடம் இருக்கிறது. பட்டா யார் பேரில் என்று தாலுகா கச்சேரி சொல்கிறது. யார் யாருக்கு விற்றார் என்பது பத்திர ஆபீசில் இருக்கிறது. பக்கத்து வாய்க்கால் நீர்வள இலாகாவின் கணக்கு; மேலே போகும் கம்பி மின்சார வாரியத்தின் கணக்கு. மலையடிவாரமென்றால் வன இலாகாவும் தன் பங்குக்கு ஒரு கோட்டைப் போட்டு வைத்திருக்கும். இந்தக் கணக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாதபோது, அவற்றுக்கு நடுவே அலைகிறவன் யார்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, ‘அது எங்கள் இலாகா இல்லை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிற ஏழைதான்.

இந்த அலைச்சலுக்கு இன்று அவசியமே இல்லை. ஜி.ஐ.எஸ். என்று ஒரு முறை இருக்கிறது. பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். எண்ணெய்க் காகிதத்தில் வரைந்த படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது போலத்தான் இது. காகிதத்துக்குப் பதில் கம்ப்யூட்டர். ஒரு அடுக்கு சர்வே எண், ஒரு அடுக்கு ஏரி, ஒரு அடுக்கு ரோடு, ஒரு அடுக்கு வனம். எல்லா இலாகாக்களும் தத்தம் அடுக்கை ஒரே மேஜையில் வைத்தால் உண்மை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒவ்வொரு இலாகாவும் தனித்தனியாக யந்திரம் வாங்கி, தனித்தனியாக அளந்து, ஜனங்களின் வரிப்பணத்தைத் திரும்பத் திரும்பச் செலவழிக்கவும் வேண்டாம்.

இந்த யோசனை சர்க்காருக்குத் தெரியாததல்ல. தேசிய அளவில் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் 2001லேயே பேசப்பட்டது. 2006ல் மத்திய மந்திரிசபையின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் இலாகாக்கள் தங்கள் படங்களைக் கொடுக்க மனம் வைக்கவில்லை. படம் என்பது அதிகாரம். அதை விட்டுக் கொடுக்க எந்த அதிகாரிக்குத்தான் பிரியம்? இந்தக் குணம் நேற்று வந்ததல்ல. 1802 ஏப்ரல் 10ம் தேதி சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் லாம்டன் என்ற வெள்ளைக்காரத் தளபதி அடித்தளக் கோடு அளக்கத் தொடங்கினாரே, அது குடியானவன் நன்மைக்காகவா? கம்பெனியின் பட்டாளத்துக்கும் கிஸ்திக்கும்தான் படம் தேவைப்பட்டது. வெள்ளைக்காரன் போன பிறகும் படம் பூட்டிய பீரோவுக்குள்ளேதான் இருந்தது.

அப்படியானால் பகிர்ந்துகொள்ளவே முடியாதா? முடியும். 2021 அக்டோபர் 13ம் தேதி ‘கதி சக்தி’ என்ற பெரும் திட்டத்தை மத்திய சர்க்கார் தொடங்கியது. ரயில்வே, ரோடு, துறைமுகம் என்று 16 மந்திரி இலாகாக்களின் படங்கள் ஒரே திரைக்கு வந்தன. தொழிற்பாதை போட எந்த நிலம் வசதி, எந்த வழியில் வனம் குறுக்கிடும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிறார்கள். இருபது வருஷம் நடக்காத காரியம் சரக்குப் போக்குவரத்துக்கு என்றதும் நடந்துவிட்டது! ரோடும் ரயிலும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதே யந்திரம் பட்டா கேட்கும் கூலிக்காரனுக்கு ஏன் இந்த வேகத்தில் ஓடவில்லை என்றுதான் கேட்கிறோம்.

மில் தோழர்களுக்கு இதிலே என்ன என்று சிலர் நினைக்கலாம். உங்கள் லைன் வீட்டுத் தெருவைப் பாருங்கள். குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை தோண்டுகிறார்கள். மூடிய மண் ஆறுவதற்குள் மின்சாரக் கேபிளுக்கு ஒரு தடவை. பிறகு டெலிபோன்காரர். ஒருவர் புதைத்ததை அடுத்தவர் வெட்டுகிறார். இப்படி யோசனையில்லாமல் தோண்டுவதால் வருஷத்துக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று மத்திய சர்க்காரே கணக்குச் சொன்னது. தோண்டுவதற்கு முன் பூமிக்குள் என்ன இருக்கிறதென்று விசாரிக்க 2023 மார்ச்சில் ஒரு செயலியும் வந்தது. நல்லதுதான். ஆனால் அடியிலே இருக்கும் குழாயின் படத்தை அந்தந்த ஸ்தாபனம் கொடுத்தால்தானே செயலி பதில் சொல்லும்?

எல்லாவற்றையும்விட முக்கியமானது பஞ்சமி நிலம். 1892ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எங்கே போயிற்று? பழைய பதிவேட்டில் தூங்குகிறது. பத்திரம் எழுதும் மேஜைக்கு அது வந்து சேராவிட்டால், சப்-ரிஜிஸ்திரார் முத்திரை குத்தத்தான் செய்வார். நிலம் கைமாறி, வேலி போட்டு, அதன் மேல் கட்டிடமும் எழும்பிய பிறகு உரிமையாளன் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். காரணை நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10ம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு இருவர் பலியானார்கள். பஞ்சமி நிலம் என்ற ஒரு அடுக்கை வரைந்து, பத்திர ஆபீசின் திரையிலும் தாலுகாவின் திரையிலும் தெரியும்படி வைத்தால், சட்டவிரோதக் கிரயம் முதல் மேஜையிலேயே நின்றுவிடும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இதில் ஆபத்தும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நமது வழக்கமல்ல. தப்பான படத்தைப் பத்து இலாகாக்கள் பகிர்ந்துகொண்டால் தப்பும் பத்து இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவில் பேர் மாறியும் அளவு குறைந்தும் போனவர்கள் இன்றைக்கும் மனுவோடு அலைகிறார்கள். அந்தப் பிழையையே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ‘யந்திரம் சொல்கிறது, நாங்கள் என்ன செய்வது’ என்றால்? முன்பு கர்ணம் சொன்னதுதான் வேதம். 1980ல் கர்ணம் பதவி ஒழிந்தது. அந்த இடத்தில் கண்ணாடித் திரை போட்ட கர்ணம் வந்து உட்கார வேண்டாம்.

படம் முதலில் யார் மேல் பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைவாசிகளைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். சதுப்பு நிலத்தில் எழுந்த பெரிய மாளிகைகளுக்கு அந்தச் சுறுசுறுப்பைக் காணோம். கர்நாடகத்தில் ‘பூமி’ திட்டம் சுமார் 2 கோடி நிலப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. சின்ன லஞ்சம் குறைந்ததென்று புகழ்ந்தார்கள். பெங்களூரைச் சுற்றிப் பெரிய புள்ளிகள் நிலத்தை வளைப்பதற்கும் அது வசதியாயிற்று என்று 2007லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மேலும், பட்டாவை வைத்தே விவசாயி யார் என்று தீர்மானித்தால் குத்தகைக்கு உழுகிறவன் படத்தில் எங்கே இருப்பான்? 2019ல் வந்த பி.எம். கிஸான் உதவித் தொகையே நிலத்துக்குச் சொந்தக்காரனுக்குத்தான். குத்தகைதாரர் பதிவுச் சட்டம் தமிழ்நாட்டில் 1969லேயே வந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டை ஒரு அடுக்காகச் சேர்க்க யாருக்குக் கை வலிக்கிறது?

வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் 2012ல் ஒரு நல்ல வாசகம் சேர்ந்தது. செயற்கைக்கோள் படம் மற்றச் சாட்சியங்களுக்குத் துணையாக இருக்கலாம். அவற்றுக்குப் பதிலாக வரக்கூடாது. ஊர்ப் பெரியவரின் வாய்மொழிக்கும் மதிப்புண்டு என்பதே இதன் பொருள். வயல் படத்துக்கும் இதே நியாயம் வேண்டும்.

கேரளத்தில் 2022 நவம்பர் 1ம் தேதி டிஜிட்டல் மறுஅளவை தொடங்கியது. அளப்பதற்கு முன் வார்டு வார்டாக ஜனங்களைக் கூட்டிச் சர்வே சபை நடத்தினார்கள். 2024 அக்டோபரில் ரெவின்யூ, பத்திரப் பதிவு, சர்வே மூன்றும் ‘என்டெ பூமி’ என்ற ஒரே வாசலுக்கு வந்தன. குறை இல்லாத ஏற்பாடு என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் மூன்று இலாகாக்கள் ஒரு மேஜைக்கு வர முடியும், ஜனங்களைக் கேட்டு அளக்க முடியும் என்பதை அது காட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. பத்திர ஆபீசோடு ஓரளவு இணைப்பும் நடந்திருக்கிறது. இதோடு நிற்கக்கூடாது. பஞ்சமி, புறம்போக்கு, ஏரி, குத்தகை ஆகிய அடுக்குகளையும் சேர்க்க வேண்டும். ஊர்ப் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்ட வேண்டும்; கையில் செல்போன் இல்லாதவனும் பார்க்கட்டும். கிராம சபையில் அதைப் படித்துக் காட்டி, ஆட்சேபணையை அங்கேயே எழுதி வாங்கி, எழுதியதற்கு ரசீதும் கொடுக்க வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போகும் தோழர்கள் தங்கள் ஊரின் பஞ்சமி சர்வே எண்களைத் தெரிந்த மட்டும் எழுதி எடுத்துச் சென்று, அவை படத்தில் எங்கே என்று முதல் கேள்வியாகக் கேட்கட்டும்.