மக்சிம்ஸ் பெண்ணும் மாளிகைச் சீமாட்டிகளும்

அலெக்சாண்டர் கோர்டா என்றதும் திரைப்பட வரலாறு எழுதுவோர் 1933இல் வெளிவந்த எட்டாம் ஹென்றி மன்னன் பற்றிய படத்தையே முதலிற் குறிப்பிடுவர். அதே ஆண்டில் அவர் இயக்கிய ‘மக்சிம்ஸ் பெண்’ என்ற ஆங்கில இசை நகைச்சுவைப் படத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு வரிதான். சிரிக்க வைப்பது எதுவும் சிந்தனைக்குரியதன்று என்ற பழைய மனப்பான்மையே இதற்குக் காரணம் என்பேன்.

படத்தின் மூலம் ஜோர்ஜ் ஃபெய்தோ எழுதி, 1899 ஜனவரியில் பாரிஸில் மேடையேறிய கேலி நாடகம். பெத்திப்போன் என்ற கண்ணியமான வைத்தியர், இரவு குடித்த மயக்கம் தெளியாமல், கவிழ்ந்த சோபாவின் கீழிருந்து எழுகிறார். அவரது கட்டிலிலோ மூலான் ரூஜ் நடனக்காரி ஒருத்தி! ஆபிரிக்காவிலிருந்து திரும்பிய உறவினரான ஜெனரல், அவளையே வைத்தியரின் மனைவியென நம்பி, தமது மாளிகையில் நடக்கவிருக்கும் திருமண வைபவத்துக்கு அழைத்துச் செல்கிறார். உண்மை மனைவியும் அங்கு வந்து சேர, குழப்பம் இரட்டிப்பாகிறது.

ஆள்மாறாட்டமும் கதவுக்குப் பின்னால் ஒளிவதும் இத்தகைய நாடகங்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஃபெய்தோவின் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. நடனக்காரியின் கொச்சையான பேச்சையும், காலைத் தூக்கிக் காட்டும் சேட்டையையும் பாரிஸ் நகரத்து நாகரிகம் என்று நம்பி, அந்த ஊர்ச் சீமாட்டிகள் அப்படியே பின்பற்றத் தொடங்குகிறார்கள். வைத்தியரின் மனைவி என்ற பட்டம் ஒட்டியதும், நேற்றுவரை இழிவாக இருந்தது இன்று உயர்குடிப் பழக்கமாகிவிடுகிறது. மரியாதை என்பது எவ்வளவு மலிவான சரக்கு என்பதை இதைவிடக் குரூரமாகச் சொன்ன நாடகம் குறைவு.

இங்கேதான் இசைப்படத்தின் சிக்கல் எழுகிறது. வைத்தியராக லெஸ்லி ஹென்சன், ஜெனரலாக ஜோர்ஜ் குரொஸ்மித், நடனக்காரியாகப் பிரான்சிஸ் டே. மூவருமே லண்டன் இசை நாடக மேடையில் பெயர் பெற்றவர்கள். கேலி நாடகம் கடிகாரம் போன்றது. ஒருவர் வெளியேறும் கணத்தில் மற்றவர் நுழைந்தாக வேண்டும். பாடல் அந்தக் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அழகும் குரல்வளமும் உள்ள ஒரு நட்சத்திரத்தை அந்தப் பாத்திரத்தில் நிறுத்தினால், அவளைப் பின்பற்றும் பெண்களைப் பார்த்து நாம் எப்படி நகைப்பது? வசீகரமான ஒருத்தியை எவரும் பின்பற்றுவர். அவள் கரடுமுரடானவளாக இருந்தாலன்றோ நையாண்டி உறைக்கும்!

ஆங்கிலேயரின் அளவுமீறிய நாணமே நாடகத்தை மழுங்கடித்தது என்று பழி சொல்லவும் வழியில்லை. பேசும்படத்தின் ஆரம்ப கால வழக்கப்படி, பிரெஞ்சு நடிகர்களைக் கொண்டு கோர்டா இதனைத் தனியாகவும் எடுத்தார். அதில் நடனக்காரியாக வந்த ஃபுளோரெலும் பெயர்பெற்ற பாடகியே.