காவல் நாயைக் கட்டிப்போட்டால்...

காவலுக்குப் பெயர் பெற்றது இராஜபாளையம் நாய். விருந்தாளியைக் கடிக்காதிருக்க அதைக் கட்டிப்போட்டால், திருடனுக்கும் வழி கிடைக்குமல்லவா?

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் நிலையும் இதுவே. புதிய உறுப்பை வெள்ளையணுக்கள் தாக்காதிருக்க, அவற்றை அடக்கும் மருந்தை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். ஆனால் புற்றணுக்களையும், சில புற்றுநோய்களைத் தூண்டும் வைரஸ்களையும் ஒடுக்குபவை அதே வெள்ளையணுக்களே! உறுப்பு மாற்றம் பெற்றோருக்குப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2 மடங்கு என்று 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

மருந்தை நிறுத்தலாமா? கூடாது; உறுப்பே பழுதாகிவிடும். நோயை முளையிலேயே கண்டறிவதுதான் வழி. 1971-இல் வேலூரில் வெற்றி கண்ட இச்சிகிச்சை இன்று பல நகரங்களில் நடக்கிறது. வாய், தோல், நிணநீர் முடிச்சுகளை ஆண்டுதோறும் சோதிக்கும் ஏற்பாடோ இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளிலேயே நிலைபெற வேண்டும். நாயைக் கட்டிய வீட்டில் மனிதர்தாம் விழித்திருக்க வேண்டும்!