டார்வினைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள்?

நமது நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் விஷயம் தெரிந்தவர்கள் கையை விட்டு, மதத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு, பரிணாமப் பாடத்துக்கு நேர்ந்த கதி ஒன்றே போதுமான ருஜுவாகும்.

2018-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், மத்திய சர்க்காரில் கல்வி இலாகா இணை மந்திரியாயிருந்த திரு. சத்யபால் சிங், அப்போது அவுரங்காபாத் என்று அழைக்கப்பட்ட ஊரில் பேசுகையில், டார்வின் கொள்கை தவறானது என்றும், குரங்கு மனிதனானதை நமது முன்னோர் எவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றும், ஆகவே பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். இவர் மந்திரியாவதற்கு முன் பம்பாய் நகரத்துப் போலீஸ் கமிஷனராயிருந்தவர். கண்ணால் கண்ட சாட்சி இல்லாவிட்டால் எதையும் நம்பக் கூடாது என்று அந்த உத்தியோகத்தில் இருந்தபோது இவர் சொல்லியிருந்தால் பம்பாய்த் திருடர்களெல்லாம் இவருக்கு மாலை போட்டிருப்பார்களல்லவா? கைரேகை, காலடி, இரத்தக்கறை என்று கிடைத்த தடயங்களைக் கொண்டுதானே போலீசார் வழக்கை நிரூபிக்கிறார்கள்? விஞ்ஞானியும் அதையேதான் செய்கிறான். பாறைக்குள் கிடக்கும் எலும்பும், உடம்புக்குள் கிடக்கும் மரபணுவும் அவனுக்குத் தடயங்கள். அன்றியும், பிரமன் மனிதனைப் படைத்ததைப் பார்த்த சாட்சி யார் என்று நாம் கேட்டால் மட்டும் நம்மை நாஸ்திகன் என்று வைவது என்ன நியாயம்?

அப்போது நாட்டிலுள்ள மூன்று பெரிய விஞ்ஞானச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, பரிணாமப் பாடத்தை எடுப்பது பிற்போக்கான செயல் என்று அறிக்கை விட்டன. மேல் மந்திரியாயிருந்த திரு. பிரகாஷ் ஜவடேகரும், இப்படிப் பேச வேண்டாம் என்று தமது சகாவுக்குச் சொல்லி, விஷயத்தை மூடி வைத்தார்.

அடுத்த வருஷம், 2019 ஜனவரியில், ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசில் ஆந்திர சர்வகலாசாலைத் துணைவேந்தர் திரு. நாகேஸ்வர ராவ் எழுந்து, டார்வினைக் காட்டிலும் நமது தசாவதாரமே மேலான பரிணாமக் கொள்கை என்றார். நாம் கேட்பது ஒன்றுதான். பரிணாமமே பொய்யா, அல்லது அது மெய்யாகி நமது புராணத்திலிருந்து திருடப்பட்டதா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். ஒருவர் பொய் என்கிறார். இன்னொருவர் எங்கள் வீட்டுச் சொத்து என்கிறார். பொய்யான சரக்குக்கு யாராவது பாத்தியதை கொண்டாடுவார்களா?

நிற்க, 2018-ல் வாயால் சொன்னது பிறகு காரியத்தில் நடந்துவிட்டது. கொரோனாக் காலத்துப் பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்ற பேரால், 2022-ல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கவுன்சில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை நீக்கிற்று. 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 2023-ல் அச்சான புத்தகத்தில் வெறும் 'பாரம்பரியம்' ஆயிற்று. அந்த வருஷம் ஏப்ரலில் 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். அதற்குக் கிடைத்த சமாதானம், 12-ம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறதே என்பதுதான்.

தோழர்களே! இந்தச் சமாதானத்தில்தான் சூது முழுவதும் அடங்கியிருக்கிறது. 12-ம் வகுப்பு உயிரியலை யார் படிக்கிறார்கள்? டாக்டராகவோ அதுபோன்ற உத்தியோகத்துக்கோ போக நினைப்பவர்கள் படிக்கிறார்கள். பத்தாவதோடு நின்று ஏர் பிடிக்கப் போகிறவன், கட்டட வேலைக்குப் போகிறவன், கணக்கும் வாணிபமும் எடுத்துப் படிக்கிறவள் ஆகிய இவர்களுக்குத் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை கிடையாதா? கோவில் உற்சவமும், டெலிவிஷன் புராணமும், எலெக்ஷன் மேடையும் எல்லோருக்கும் பொதுவாயிருக்க, விஞ்ஞானம் மட்டும் சிலருக்கு என்றால், வேதம் சிலருக்கு மட்டும் என்ற பழைய கதைக்கும் இதற்கும் என்ன பேதம்?

இனி, குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்கு ஏன் இருக்கிறது என்று கேட்கும் புத்திசாலிகளுக்குப் பதில் சொல்லுவோம். இதற்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை; நமது கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கும் கல்வராயன் மலைக்குப் போனால் போதும். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லிவரும் கதை ஒன்றுண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்களாம். அவர்கள் வழி வந்தவர்களே சேர்வராயன் மலையிலும், கொல்லி மலையிலும், பச்சை மலையிலும் இருக்கும் மக்களாம். கதை சரித்திரமா அல்லவா என்பது வேறு விஷயம். ஆனால் அதைக் கேட்ட எவனாவது, சேர்வராயன் மலையில் ஆள் இருக்கும்போது கொல்லி மலையில் எப்படி ஆள் இருக்க முடியும் என்று கேட்பானா? ஒரு வீட்டிலிருந்து பிரிந்தவர்கள் தனித்தனிக் கிளையானார்கள் என்று குழந்தைக்கும் விளங்கும். டார்வின் கொள்கை சொல்லுவதும் இவ்வளவேதான். இன்றுள்ள குரங்கு நமக்குப் பாட்டனல்ல, பங்காளி. மனிதனும் சிம்பன்சியும் பொதுவான ஒரு மூதாதையிடமிருந்து சுமார் 60, 70 லட்சம் வருஷங்களுக்கு முன் பிரிந்த இரண்டு கிளைகள்.

பிரிந்தவை எப்படி மாறின என்று கேட்டால், அதற்கும் நமது குடியானவனே சாட்சி. மலையில் சாமை விதைக்கிறவன் நல்ல கதிராய்ப் பார்த்து அடுத்த வருஷத்து விதைக்கு எடுத்து வைக்கிறான். தலைமுறை தலைமுறையாக இப்படிப் பொறுக்கினால் பயிர் மாறிவிடுகிறது. கீழ்நாட்டில் பூச்சிமருந்து அடிக்கிறவன், முதலில் நன்றாய்க் கேட்ட மருந்து சில வருஷத்தில் கேட்பதில்லை என்று தலையில் கை வைக்கிறான். மருந்துக்குச் சாகாத சில பூச்சிகள் தப்பி, அவற்றின் குஞ்சுகளே பெருகின என்பதுதானே காரணம்? முதலாவதில் பொறுக்கினவன் மனிதன். இரண்டாவதில் மருந்துக்குத் தப்பியதே மிஞ்சிற்று. இப்படிச் சூழ்நிலைக்குப் பொருந்தியது மிஞ்சிப் பெருகுவதையே 1859-ல் டார்வின் தமது புத்தகத்தில் விளக்கினார். இதில் எந்த அவதாரத்துக்கு வேலை இருக்கிறது?

இவ்வளவு மாற்றத்துக்குக் காலம் எங்கே என்றால், காலத்துக்கும் பஞ்சமில்லை. கல்வராயன் மலையின் பாறைகள் சுமார் 250 கோடி வருஷத்துப் பழமையுள்ளவை. பக்கத்து விழுப்புரம் ஜில்லாவிலுள்ள திருவக்கரையில் சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. 1781-லேயே சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். நம்மவர்களோ, வக்கிராசுரன் என்னும் அசுரனைச் சாமி கொன்ற இடம் அது என்றும், அந்தக் கற்கள் அவனுடைய எலும்பு என்றும் சொல்லிக் கும்பிட்டு வந்தார்கள். கல்லைப் பார்த்ததில் இருவருக்கும் வித்தியாசமில்லை. ஒருவன் ஏன் என்று கேட்டான். மற்றவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அப்படியானால், இவ்வளவு தெளிவான விஷயத்தைக் கண்டு மதவாதிகள் ஏன் நடுங்க வேண்டும்? காரணம் குரங்கல்ல. உயிரினம் எதுவும் படைத்தது படைத்தபடியே நிலையாயிருப்பதில்லை என்று ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டால், முகத்தில் பிறந்தவன் ஒரு ஜாதி, காலில் பிறந்தவன் ஒரு ஜாதி என்று ரிக் வேதத்துப் புருஷ சூக்தம் சொல்லும் கதை அதே நிமிஷத்தில் செத்துவிடுகிறது. ஆண்டவன் கட்டளை என்று பெண்ணை அடிமையாக்கி வைத்திருக்கும் சட்டமும் ஆட்டம் கொடுக்கிறது. பிறவியை வைத்துப் பிழைப்பவனுக்குப் பிறவியைப் பற்றிய உண்மை விஷமாகத்தானே இருக்கும்?

இது இந்து மதத்துக்கு மட்டும் பிடித்த நோயல்ல. 'குடி அரசு' தொடங்கிய அதே 1925-ம் வருஷத்தில், அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் பரிணாமம் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக ஸ்கோப்ஸ் என்னும் உபாத்தியாயருக்கு 100 டாலர் அபராதம் போட்டது கிறிஸ்தவ பக்தி. அந்தச் சட்டத்தை ரத்து செய்ய 1967 வரை ஆயிற்று. 2017-ல் துருக்கி சர்க்கார் உயர்தரப் பள்ளிப் பாடத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டது இஸ்லாமிய பக்தி. தங்களுக்குள் ஒருவர் கடவுளை ஒருவர் ஒப்புக்கொள்ளாத இவர்கள், பிள்ளைகளின் மூளைக்குப் பூட்டுப் போடும் காரியத்தில் மட்டும் ஒரே குடும்பத்தாராய் இருப்பதைக் கவனியுங்கள்.

நமது ராஜ்யத்தில் அந்தத் தொல்லை இல்லையே, சமச்சீர்ப் பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்பில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பாடமாக வைக்கப்பட்டதே என்று சிலர் திருப்தியடையலாம். வைத்தது நல்ல காரியந்தான். ஆனால் புத்தகத்தில் அச்சாகிவிட்டால் மட்டும் அது பிள்ளையின் புத்தியில் ஏறிவிடுமா? "பரீட்சைக்கு மட்டும் எழுது, நம்பாதே" என்று சொல்லிக் கொடுத்தால், பாடம் இருந்தும் இல்லாததற்குச் சமானமே.

1976-ல் அரசியல் சட்டத்துக்கு 42-வது திருத்தம் வந்தது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 51ஏ பிரிவில் அதில்தான் எழுதினார்கள். அதே 1976-ல்தான் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சியும் முடிந்தது. அரசர் காலத்திலிருந்து பரம்பரையாய் வந்த பாத்தியதை என்று சொல்லி மூன்று ஜாகீர்தார் குடும்பங்கள் அம்மலையை ஆண்டன. மாறவே மாறாது என்றிருந்த அந்தப் பாத்தியதை ஒரு சர்க்கார் உத்தரவில் மாறிவிட்டதா, இல்லையா? வானம் இடிந்து விழுந்ததா? மனிதன் வைத்ததை மனிதன் மாற்றலாம் என்பதற்கு அம்மலை மக்களுக்கு வேறு பாடம் வேண்டுமா?

ஆதலால் பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளியானாலும், பட்டணத்துச் சம்பளப் பள்ளியானாலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பெற்றோர் கூட்டத்திலோ எழுந்து நின்று, பரிணாமப் பாடம் நடத்தியாயிற்றா என்று கேளுங்கள். பாடம் இல்லாத புத்தகமானால் ஏன் இல்லை என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்க வருகிறவர் கோவிலுக்கு என்ன செய்தார் என்று கேட்பதை நிறுத்தி, பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். ஏன், எப்படி என்று கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்த ஜாதியும் எந்தச் சாமியாரும் எந்த மந்திரியும் அடிமையாக்க முடியாது. அவர்கள் பயப்படுவதெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான், டார்வினுக்கல்ல.