ஃபெரட்டுக்குப் பச்சை இறைச்சியும் எலும்பும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

எங்கள் காப்பகத்திலிருந்து ஃபெரட்டைத் தத்தெடுக்க வருகிறவர்கள் கூண்டு, தடுப்பூசி, கருத்தடை என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று கேட்பார்கள். உலர் தீவனத்தை நிறுத்திவிட்டுப் பச்சை இறைச்சியும் எலும்புமாகக் கொடுக்கலாமா? பிரிட்டனில் இதற்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. தீவனம் விஷம் என்கிறார் ஒருவர். பச்சைக்கறி கிருமி மூட்டை என்கிறார் இன்னொருவர். இருவர் பேச்சையும் கேட்டுக் குழம்பிய வீட்டில் அவதிப்படுவது அந்தச் சின்ன உயிர்தான். அதனால் எங்கள் நிர்வாகக் குழு கூடிப் பேசி எடுத்த முடிவை எழுத்தில் வைக்கிறோம்.

மாற்றலாம். இறைச்சியும் எலும்பும் உள்ளுறுப்புகளும் உரிய அளவில் சேர்ந்த உணவு ஃபெரட்டின் உடலுக்குப் பொருந்துவது என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனால் எலும்பில்லாத வெறும் கறியைவிடத் தரமான உலர் தீவனம் எவ்வளவோ மேல். பட்டினி போட்டு உணவை மாற்றுவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டோம். சில வீடுகளில் மாற்றவே கூடாது.

ஃபெரட் பார்வைக்குக் கீரியை நினைவூட்டினாலும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியப் போல்கேட் என்னும் காட்டு விலங்கிலிருந்து மனிதர் பழக்கி எடுத்த இனம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, முயல் வளைக்குள் அனுப்பி முயலை வெளியே துரத்துவதற்காக வளர்க்கப்பட்டு வந்திருக்கிறது. நாய் மனிதனோடு சேர்ந்து சோறும் ரொட்டியும் தின்னக் கற்றுக்கொண்டது. ஃபெரட்டின் வயிறு இன்றும் போல்கேட்டின் வயிறுதான். குடல் குட்டையானது. செடிகொடிகளைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பெருங்குடல் முனைப்பை அதற்குக் கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் ஒரு நாளில் பத்துத் தடவைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதற்கு வேண்டியது விலங்குப் புரதமும் கொழுப்பும். மாவுச்சத்து அதற்குத் தேவையே இல்லை.

இதை மறந்ததன் விளைவை இந்த நாடு முன்பே கண்டிருக்கிறது. நம் தாத்தா காலத்து வேட்டைக்காரர்கள் பலர், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பதுதான் ஃபெரட்டுக்குச் சரியான சாப்பாடு என்று நம்பினார்கள். கறி தின்றால் மூர்க்கமாகிக் கடிக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. அந்த ஃபெரட்டுகள் வயிற்றுப்போக்கோடும் மெலிந்த உடம்போடும் காலம் தள்ளின. அந்தச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் இன்றைய நல்ல உலர் தீவனம் பெரிய முன்னேற்றம். அதைத் தயாரிப்பவர்களை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. ஆனாலும் தீவனத்தை உருண்டை வடிவத்தில் பிடித்து நிறுத்த ஏதேனும் மாவு தேவைப்படுகிறது. விலை மலிந்த பாக்கெட்டுகளில் சோளமும் பட்டாணியும் நிறையவே இருக்கின்றன.

இங்கே ஒரு நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணையத்தில் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும் கட்டி, இன்சுலினோமா. நடுவயதைத் தாண்டிய ஃபெரட்டுகளுக்கு, குறிப்பாக அமெரிக்காவில், இது மிகச் சாதாரணமாக வருகிறது. இரத்தச் சர்க்கரை விழுந்து, பின்னங்கால் தள்ளாடி, வாயில் எச்சில் வழிய வெறித்துப் பார்த்தபடி நிற்கும். மாவுச்சத்துள்ள தீவனம்தான் காரணம் என்று பச்சைக்கறி ஆதரவாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள். சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் நிரூபணம் ஆகவில்லை. பரம்பரையும் காரணமாக இருக்கலாம். எனவே, கறிக்கு மாற்றினால் இன்சுலினோமா வராது என்று எங்கள் பெயரால் யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, நாங்கள் மிகவும் கவலைப்படும் விஷயம். காப்பகத்துக்கு ஒரு முறை ஓர் இளம் ஆண் ஃபெரட் வந்தது. அன்பான வீடு. தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை மனிதருக்கு வாங்குகிற தரத்தில் வாங்கி, மாதக்கணக்காக அதை மட்டுமே கொடுத்து வந்திருந்தார்கள். அது நடக்கத் தயங்கியது, தூக்கினால் வலியில் கத்தியது. எக்ஸ்ரேயில் எலும்புகள் காகிதம்போல் மங்கலாகத் தெரிந்தன. கோழி நெஞ்சுக்கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. ஃபெரட்டின் உடலுக்கோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாக, அல்லது ஒரு சிறிது கூடுதலாக வேண்டும். உணவில் கிடைக்காத கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே சுரண்டி எடுத்துக்கொள்ளும். அந்த வீட்டாரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கறி கொடுங்கள் என்று அவர்களுக்குச் சொன்னவர்கள் எலும்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

முயலைப் பிடித்தால் போல்கேட் நெஞ்சுக்கறியை மட்டும் தின்றுவிட்டுப் போவதில்லை. எலும்பு, ஈரல், இதயம், சிறுநீரகம், தோல், ரோமம் எல்லாம் உள்ளே போகின்றன. முழு எலி, முழு முயல், அல்லது அந்தக் கணக்கில் சேர்த்து அரைத்த உணவு: இவற்றைத்தான் நாங்கள் இறைச்சியும் எலும்பும் என்று சொல்கிறோம். எலும்பு பச்சையாகவும் சின்னதாகவும் இருக்க வேண்டும். கோழி இறக்கை, கழுத்து, முயல் விலா போன்றவை பொருந்தும். வெந்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும், அதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். உயிருள்ள இரையைக் கூண்டுக்குள் விடுவதை நாங்கள் ஏற்பதில்லை. கொன்று உறையவைத்த இரையே போதும்.

ஈரல் நல்லது. தினமும் நிறைய ஈரல் கெடுதல், வைட்டமின் ஏ உடலில் தேங்கிவிடும். பச்சை மீனைப் பழக்கமாக்கக் கூடாது என்ற பாடத்தை ரோமத்துக்காக விலங்கு வளர்க்கும் பண்ணைகள் பெரும் விலை கொடுத்துக் கற்றன. 1932-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் பச்சை மீன் தின்ற நரிகள் கைகால் விளங்காமல் செத்தன. சில வகை மீன்களில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. அந்த வாதம் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. சாசேஜுக்கும் பர்கருக்கும் அரைத்த கறியில் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டும் இதே வைட்டமினைத்தான் அழிக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்காதீர்கள்.

கடையில் விற்கும் உறைந்த பச்சை உணவை வாங்குவோர் பாக்கெட்டில் ஒரு சொல்லைத் தேடுங்கள். முழு உணவா, துணை உணவா என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். துணை உணவு என்றிருந்தால் அதை மட்டும் கொடுத்து ஃபெரட்டை வளர்க்க முடியாது. நாய்க்கென்று தயாரித்ததில் காய்கறி கலந்திருக்கும், அதுவும் வேண்டாம்.

இனி மாற்றும் முறை. பசித்தால் தானே தின்னும் என்ற பேச்சு நாய்க்கு வேண்டுமானால் பலிக்கலாம். ஃபெரட் தன் வாழ்வின் முதல் சில மாதங்களில் எந்த வாசனையைச் சோறு என்று கற்றுக்கொள்கிறதோ அதைத்தான் சோறாக ஏற்கும். பிறந்ததிலிருந்து உருண்டைத் தீவனம் தின்ற நான்கு வயது ஃபெரட்டின் முன் கோழி இறக்கையை வைத்தால், அது உணவு என்றே அதற்குத் தெரியாது. பிடிவாதம் என்று நினைத்துத் தட்டை எடுத்துவிடுகிறார்கள். சில மணி நேரத்திலேயே அதன் சர்க்கரை இறங்கத் தொடங்கும். கணையக் கட்டி இருப்பது வெளியே தெரியாத ஃபெரட்டாக இருந்தால் அன்றைக்கே வலிப்பு வரலாம். நீண்ட பட்டினி ஈரலில் கொழுப்பைச் சேர்த்துவிடும்.

ஆகவே பழைய தீவனம் தட்டில் இருந்துகொண்டே இருக்கட்டும். அதன் பக்கத்தில் இன்னொரு கிண்ணம் வையுங்கள். எலும்போடு அரைத்த கறியை வெதுவெதுப்பான நீரில் கஞ்சிபோல் கரைத்து, விரலில் தொட்டு உதட்டில் தடவுங்கள். நக்கினால் போதும், அன்றைய வேலை முடிந்தது. சில நாளில் தானே கிண்ணத்துக்கு வரும். பிறகு நீரைக் குறைத்துக் கெட்டியாக்குங்கள். அதன்பின் சிறு துண்டுகள், கடைசியாக எலும்புள்ள துண்டு. ஒரு வகை இறைச்சி பழகிய பிறகே அடுத்த வகை, உள்ளுறுப்புகள் அதற்கும் பிறகு. குட்டிக்கு ஒரு வாரத்தில் முடிவது வயதான ஃபெரட்டுக்கு மூன்று மாதம் ஆகும். சில ஃபெரட்டுகள் மாறவே மாறா. அவற்றை விட்டுவிடுங்கள், நல்ல தீவனத்தோடே அவை நன்றாக வாழும்.

வாரம் இருமுறையாவது சமையலறைத் தராசில் எடை பாருங்கள். இலையுதிர் காலத்தில் ஃபெரட் தானாகவே கொழுக்கும், வசந்தத்தில் இளைக்கும். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இப்படி ஏறி இறங்குவது உண்டு. அக்டோபரில் தொடங்கிய கறி உணவு உடம்பைத் தேற்றிவிட்டது என்று மகிழ்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கிருமிகளைப் பற்றிய அச்சத்தை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. நாய், பூனைக்குப் பச்சை விலங்குணவு கொடுப்பதை ஆதரிக்க முடியாது என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-ல் அறிவித்தது. ஃபெரட்டைப் பற்றி அது பேசவில்லை என்றாலும் சால்மொனெல்லாவுக்கு நாயும் ஒன்றுதான், ஃபெரட்டும் ஒன்றுதான். 2018–19-ல் இங்கிலாந்தில் வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைகளுக்கு மாட்டுக் காசநோய் வந்தது. பச்சை மான்கறி உணவோடு அந்த நோயைத் தொடர்புபடுத்தினார்கள். ஃபெரட்டும் அந்தக் கிருமிக்கு இலக்காகும் உயிர், நியூசிலாந்தில் காட்டு ஃபெரட்டுகளே அதைச் சுமந்து திரிகின்றன.

பறவைக் காய்ச்சல் அதைவிடப் பெரிய கவலை. 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டஃபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகியோர் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தது ஃபெரட்டுகளைக் கொண்டுதான். நம் சளிக்காய்ச்சல் அப்படியே தொற்றும் விலங்கு அது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உறைந்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற பூனை ஒன்று எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸால் இறந்தது. ஃப்ரீசர் அந்த வைரஸைக் கொல்லாது, வேகவைத்தால்தான் சாகும். ஆகவே எச்5என்1 அடங்கும்வரை, வேட்டையில் சுட்ட வாத்து, ஃபெசன்ட் போன்ற காட்டுப் பறவைகளைப் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம் என்கிறோம். உங்கள் பகுதியில் பறவைக் காய்ச்சல் அறிவித்திருந்தால் எந்தக் கோழிக்கறியும் பச்சையாக வேண்டாம். முயல், மாடு, ஆடு ஆகியவற்றுக்கு மாறுங்கள், அல்லது கோழியை எலும்பு நீக்கி வேகவைத்து, கால்சியத்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் சேருங்கள். சுட்ட முயலாக இருந்தால் காயம்பட்ட சதையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத் துணுக்கு உள்ளே இருக்கும்.

ஃபெரட் வளர்ப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு தொல்லையும் உண்டு. அது சாப்பாட்டைப் பதுக்கும். சோபாவின் அடியில், துணி மூட்டைக்குள், உங்கள் காலணிக்குள். உலர் உருண்டை அங்கே கிடந்தால் பாதகமில்லை. ஜூலை மாதத்தில் மூன்று நாளான ஈரல் கிடந்தால் கதை வேறு. கெட்ட இறைச்சியில் உண்டாகும் போட்டுலிச நச்சு ஃபெரட்டுக்கு ஆகாது. கூண்டுக்குள்ளேயே உணவு வைத்து, தின்று மீந்ததை அன்றன்றே எடுத்து, ஒளித்து வைக்கும் இடங்களைத் தினமும் துழாவ முடியாதவர்கள் பச்சை உணவைத் தொடங்க வேண்டாம். வெட்டுப்பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும். தின்ற வாயோடு அது குழந்தையின் முகத்தை நக்கவும் விடாதீர்கள்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீடுகளில் பச்சை உணவு வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் ஃபெரட்டுக்கும், இன்சுலினோமா அல்லது குடல் அழற்சி உள்ள ஃபெரட்டுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்வது இது. காப்பகத்தில் பிறக்கும் குட்டிகளுக்குத் தீவனத்தோடு இறைச்சியின் வாசனையையும் பழக்கித் தருவோம், பின்னாளில் எந்த உணவுக்கும் அவை தடுமாறக் கூடாது. குட்டி விற்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். உலர் தீவனம் கொடுக்கிறார் என்பதற்காக யாருக்கும் தத்துக் கொடுக்க மறுக்க மாட்டோம். பட்டினி போட்டு மாற்றப் போகிறேன் என்பவருக்குக் கொடுக்க மாட்டோம். கால்நடை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பச்சை உணவு என்றதும் பேச்சை முடித்துவிடாதீர்கள். எலும்பு சேர்க்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எங்களிடம் வந்த அந்த ஃபெரட்டின் எலும்புகளைக் காப்பாற்றியிருக்கும்.

ஏற்கெனவே மாற்றத் தொடங்கிவிட்டவர்கள் இன்றே தட்டைப் பாருங்கள். அதில் எலும்பு இல்லையென்றால், எலும்பு சேர்க்கும்வரை பழைய தீவனத்தைத் திரும்ப வையுங்கள். உங்கள் ஃபெரட் அரை நாளாக எதையும் தின்னவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.