படிக்க முடியாத எழுத்து!

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது, கணியம்பாடி. அங்கிருந்து பிரியும் பாதை ஜவ்வாது மலையில் உள்ள அமிர்திக்குப் போகிறது.

விடுமுறை நாள் வந்தால் போதும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக அமிர்திக்குப் போவார்கள். மானைப் பார்ப்பார்கள். மயிலைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் குதூகலமாகத் திரும்புவார்கள்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் இன்னும் தூரம் போகிறவர்களும் உண்டு. சென்னையிலிருந்து புறப்படும் திருவனந்தபுரம் மெயில் காட்பாடி வழியாகத்தான் போகிறது. இரவு ஏறினால், மறுநாள் கேரளத்தில் இறங்கலாம். பத்மநாப சாமி கோவிலைக் கும்பிடலாம். கோவளம் கடற்கரையில் கால் நனைக்கலாம். பிள்ளைகளுக்கு மிருகக்காட்சி சாலையைக் காட்டலாம்.

அந்த மிருகக்காட்சி சாலை இருக்கும் அதே பெரிய தோட்டத்தில்தான், 1880-ல் கட்டி முடித்த நேப்பியர் பொருட்காட்சி சாலையும் இருக்கிறது. அதைக் கட்டத் திட்டம் போட்டவர் சிஷோம் என்ற வெள்ளைக்காரர். சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்துக்குத் திட்டம் போட்டவரும் அவரே.

அங்கேயே ஒரு சித்திரக் கூடமும் உண்டு. அது ஒரே ஓர் ஓவியருக்காக ஏற்பட்டது. அவர் பெயர் கே.சி.எஸ். பணிக்கர்.

புலியைப் பார்க்க வரிசையில் நிற்கும் குடும்பம், இந்தக் கூடத்தின் வாசலில் தயங்கி நிற்கும். "இதெல்லாம் படித்தவர்கள் பார்ப்பது. நமக்கு என்ன புரியும்?" என்று திரும்பிவிடும்.

அப்படித் திரும்புவது பெரிய நஷ்டம்!

யார் இந்தப் பணிக்கர்?

கேரளத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனால் பிறந்தது நம்முடைய கோயம்புத்தூரில். ஆண்டு 1911. சிறு வயதிலேயே படம் வரைவதில் கெட்டிக்காரர். என்றாலும் வயிற்றுப் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே! தந்தி இலாகாவில் வேலை பார்த்தார்.

ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. 1936-ல், 25 வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே தலைவராக இருந்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான்.

மாணவராக நுழைந்த பணிக்கர், அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1957-ல் தலைவரும் ஆனார். திருவண்ணாமலையில் பிறந்த சந்தானராஜ் என்ற பெரிய ஓவியரும் அந்தப் பள்ளியில் படித்தவரே. கணியம்பாடியிலிருந்து அதே சாலையில் நேரே போனால் வரும் ஊர், திருவண்ணாமலை. ஆகவே இது எங்கேயோ இருக்கிற சங்கதி அல்ல. பக்கத்து ஊர்ச் சங்கதிதான்.

கணக்கு நோட்டு

பணிக்கர் முதலில் வரைந்த படங்கள் யாருக்கும் விளங்கும். பச்சை வயல், நீர், தோணி, தென்னை. கேரளத்தின் அழகை வண்ணத்தில் வடித்தார்.

1954-ல் ஐரோப்பா போனார். லண்டனிலும் பாரிசிலும் அவர் படங்கள் வைக்கப்பட்டன. அங்கே ஒரு கேள்வி எழுந்தது. "படம் நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் இந்தியா எங்கே இருக்கிறது?" என்பதே அந்தக் கேள்வி.

அதற்குப் பணிக்கர் பல ஆண்டுகள் விடை தேடினார். அந்த விடை ஒரு பள்ளிக்கூட மாணவனின் கணக்கு நோட்டில் கிடைத்தது! எண்களும், எழுத்துகளும், கோடுகளும், வட்டங்களும் நிறைந்த ஒரு பக்கம். ஓவியரின் கண்ணுக்கு அது கணக்காகத் தெரியவில்லை. சித்திரமாகத் தெரிந்தது.

1963 முதல் அவர் ஒரு புது வகைப் படங்களை வரையத் தொடங்கினார். "சொற்களும் சின்னங்களும்" என்பது அவற்றின் பெயர். அந்தப் படங்களில் ஜாதகக் கட்டம் போல ஒன்று இருக்கும். மந்திரத் தகட்டுக் கோலம் போல ஒன்று இருக்கும். மீன், பாம்பு, பறவை இருக்கும். படம் முழுக்கப் பொடிப் பொடியாக எழுத்து இருக்கும். பார்த்தால் மலையாளம் போலத் தோன்றும்.

ஆனால் யாராலும் அதைப் படிக்க முடியாது! படிப்பதற்காக அவர் அதை எழுதவில்லை. பார்ப்பதற்காக எழுதினார்.

எல்லோரும் சமம்

இங்கேதான் ஓர் அதிசயம் இருக்கிறது.

முதியோர் பள்ளியில் அகரம் கற்றுக்கொண்ட ஒரு பாட்டி, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியரும் வந்து நிற்கிறார். பாட்டிக்கு அந்த எழுத்தைப் படிக்க வராது. பேராசிரியருக்கும் வராது! அந்தப் படத்துக்கு முன்னால் இருவரும் சமம்.

இன்னும் சொல்லப் போனால், பாட்டிக்குத்தான் அது கொஞ்சம் சுலபம். அவள் வாசலில் எத்தனை ஆயிரம் கோலம் போட்டிருப்பாள்! புள்ளி வைத்து, கோடு இழுத்து, சிக்கல் இல்லாமல் முடித்திருப்பாள். "இந்தக் கோலத்துக்கு என்ன அர்த்தம்?" என்று அவளை யாராவது கேட்டது உண்டா? அழகாக இருக்கிறது என்றார்கள். அவ்வளவுதான். அந்தக் கண்ணோடு பார்த்தால் போதும்.

படிப்பு தேவை இல்லை என்பது இதன் பொருள் அல்ல. எழுத்து தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் எழுத்து தெரியாததால் ஒருவர் வெட்கப்பட்டு வாசலில் நின்றுவிடக் கூடாது. சித்திரக் கூடம் பரீட்சை நடக்கும் இடம் அல்ல.

"படம் சோறு போடுமா?"

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறு இல்லை. பணிக்கரின் மாணவர்களையும் இந்தக் கவலை வாட்டியது.

அதற்கு அவர் ஒரு வழி கண்டார். ஓவியர்கள் ஒன்று கூடினார்கள். துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை முதலிய கைத்தொழில்களைச் செய்து விற்றார்கள். வந்த பணத்தில், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கினார்கள். 1966-ல் அங்கே "சோழமண்டலம்" என்ற ஓவியர் கிராமம் தோன்றியது. கைத்தொழில் சோறு போட்டது. அந்தத் தெம்பில் படம் வளர்ந்தது.

பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் நிலைத்தது. இப்போது அங்கேயும் ஒரு சித்திரக் காட்சிக் கூடம் இருக்கிறது. திருவனந்தபுரம் போக வசதி இல்லாதவர்கள், மாமல்லபுரம் போகும் வழியில் இதைப் பார்த்துவிடலாம்.

செய்ய வேண்டியது

பெரிய ஓவியர் ஒருவருக்கென்று தனிக் கூடம் வைப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரத்தில் பிக்காசோவுக்கு 1963-ல் கூடம் திறந்தார்கள். ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாமில் வான்கோவுக்கு 1973-ல் திறந்தார்கள். தேசம் தேசமாக ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் இருப்பதை நாம் பார்க்க வேண்டாமா?

பள்ளிக்கூடங்கள் சுற்றுலா நடத்தும்போது, மிருகக்காட்சி சாலையோடு நிறுத்தக் கூடாது. ஒரு மணி நேரம் சித்திரத்துக்கும் ஒதுக்க வேண்டும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலிருந்தே தொடங்கலாம்.

கூடம் நடத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு. விளக்கப் பலகைகளைத் தாய்மொழியில், பெரிய எழுத்தில், சின்ன வாக்கியங்களில் எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது புரிய வேண்டும்.

போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். திங்கட்கிழமை திருவனந்தபுரம் கூடத்துக்கு விடுமுறை. எல்லாப் படத்தையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். பிடித்த ஒரு படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பிள்ளைகளிடம், "இது என்ன?" என்று கேட்காமல், "இதில் என்னென்ன தெரிகிறது?" என்று கேட்க வேண்டும். பதில் மளமளவென்று வரும்.

கணக்கு நோட்டில் படம் வரைந்ததற்காக அடி வாங்கும் பையன்கள் ஊருக்கு ஊர் உண்டு. கணக்கையும் போடச் சொல்லுங்கள். ஆனால் அடிப்பதற்கு முன்னால் அந்தப் படத்தை ஒரு தடவை பாருங்கள். ஒரு கணக்கு நோட்டுப் பக்கத்திலிருந்துதான் பணிக்கரின் பெரிய சித்திரங்கள் பிறந்தன!