பேரனின் இரவு வேலை



சென்ற மாதம் ஜெலாப்பாங்கில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறி, மலிவு வீட்டில் குடியேறிய குடும்பம் அது. வீட்டுப் பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவிய அம்மாள். காப்பியைக் கொண்டுவந்து வைத்த கையோடு ஒரு முறையீட்டையும் வைத்தார்.

“இந்தப் பையன் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து வேலை செய்யுறான் தம்பி. யாருக்கு வேலைன்னு கேட்டா எல்லாருக்கும்ங்கிறான். சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா சம்பளமே இல்லைங்கிறான். படிக்காத நாங்கதான் மாடா உழைச்சோம். படிச்சவனுமா சும்மா உழைக்கணும்? நீங்க கொஞ்சம் கேளுங்க.”

பேரனோ சிரித்துக்கொண்டே, “பாட்டிக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியலைங்க ஐயா” என்றான். பாட்டிக்குப் புரியாததல்ல, புரியும்படி யாரும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

கணினி தானாக எதையும் செய்வதில்லை. இன்னது செய், பிறகு இன்னது செய் என்று மனிதர் எழுதி வைத்த கட்டளைகளின்படிதான் நடக்கிறது. அந்தக் கட்டளைத் தொகுப்புக்கு நிரல் என்று பெயர். சில நிறுவனங்கள் தங்கள் நிரலை ரகசியமாக வைத்து விற்கின்றன. கடையில் விற்கும் மசாலைத் தூளைப் போல, உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. வேறு சிலர் செய்முறையையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பாருங்கள், பயன்படுத்துங்கள், உப்புக் குறைந்தால் திருத்துங்கள் என்கிறார்கள். இதுதான் திறந்த மூல நிரல்.

1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் என்ற நிரலை எழுதி, இப்படித்தான் உலகத்தார் முன் வைத்தார். ஆயிரக்கணக்கானோர் அதில் கை வைத்துச் செப்பனிட்டார்கள். நம்மில் பலர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் அடித்தளமாக ஓடுவது அந்த லினக்ஸ்தான்.

ஆனால் ஆயிரம் பேர் ஒரே ஏட்டில் எழுதினால் குழப்பம் வராதா? ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிட மாட்டாரா? அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததே கிட் என்னும் கருவி. அதையும் டோர்வால்ட்ஸ்தான் 2005 ஏப்ரலில் எழுதினார். அதுவரை லினக்ஸ் குழுவினர் ஒரு நிறுவனத்தின் கருவியை இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். அந்தச் சலுகை நின்றுபோகவே, சொந்தமாக ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

கிட் ஒரு கணக்கேடு. யார், எந்த நாளில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பதை ஒவ்வொரு பதிவாக அது வைத்துக்கொள்கிறது. தோட்டத்துக் கணக்குக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பால் நிறுத்தவுடன் எடையை எழுதும் புத்தகம் கிராணியின் கையில் இருந்தது. அதில் என்ன எழுதினார், பிறகு என்ன திருத்தினார் என்பதை மரம் சீவியவர் பார்க்க வழியில்லை. கிட் ஏட்டின் முழுப் பிரதியோ பங்கு கொள்ளும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட நீண்ட அடையாள எண் உண்டு. பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த எண்ணும், அதற்குப் பின்வந்த எண்களும் மாறிவிடும். மற்றவர் பிரதியோடு ஒத்துப் பார்த்தால் திருட்டுத்தனம் வெளிப்பட்டுவிடும்.

இதை நான் சொன்னபோது பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அந்தப் புத்தகம் நம்ம கையிலயும் இருக்குமா?” என்றார். அதுதான் விஷயம்.

சரி, பேரன் செய்த வேலை என்ன? எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்கும் நிரல் ஒன்றை அவன் பார்த்திருக்கிறான். 900 என்று கொடுத்தால் அது ‘ஒன்பது நூறு’ என்று காட்டியது. பக்கத்தில் இருந்த பாட்டி, “எந்த ஊர்த் தமிழ்டா இது? தொள்ளாயிரம்னு சொல்லணும்” என்றிருக்கிறார். அங்கேதான் தொடங்கியது வேலை.

அவன் அந்த நிரலின் பிரதி ஒன்றைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டான். மூலத்தைத் தொடாமல் தனிக் கிளை ஒன்று பிரித்தான். திருத்தினான், சோதித்துப் பார்த்தான். ‘இன்ன காரணத்துக்காக இதை மாற்றினேன்’ என்ற குறிப்போடு ஏட்டில் பதிந்தான். இந்தப் பதிவைத்தான் கமிட் என்கிறார்கள். பிறகு, என் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நிரலைப் பராமரிப்பவர்களுக்கு விண்ணப்பம் அனுப்பினான். இதற்குப் புல் ரிக்குவெஸ்ட் என்று பெயர். பெரும்பாலும் இது கிட்ஹப் போன்ற பொது இடங்களில் நடக்கிறது.

நான்கு நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. பையனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அதில் வசை எதுவும் இல்லை. ‘900 சரி. 950 என்றால் தொள்ளாயிரத்து ஐம்பது என்று வரவேண்டும். அதையும் சேர்த்து, சோதனையும் எழுதி அனுப்புங்கள்’ என்று இருந்தது. முன்பின் பார்த்திராத ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டு வரிவரியாகப் படித்துச் சொன்ன பாடம் அது. பையன் திருத்தி அனுப்பினான். ஏற்றுக்கொண்டார்கள்.

சின்ன வேலைதான். ஆனாலும் நம் மொழிக்கு இத்தகைய சின்ன வேலைகள் மலையளவு கிடக்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதலாம் வகுப்புப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். யூனிகோடு முறையில் கணினி அதை ஐந்தாக எண்ணும்; த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியே பிரிக்கும். இதைச் சரியாக எண்ணித் தரும் நிரலை, முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ‘ஓபன்-தமிழ்’ என்ற திறந்த மூலத் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். இதற்கு முன்பே, 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யாவர்க்கும் இலவசமாக வழங்கினார்கள். அவர்களும் கூலிக்குச் செய்யவில்லை.

“அப்ப லாபம் யாருக்கு?” என்று பாட்டி விடவில்லை. நியாயமான கேள்வி. பெரிய நிறுவனங்களும் இந்த நிரல்களை எடுத்துப் பணம் பண்ணுகின்றன என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் உரிமம் என்று ஒன்று உண்டு. பெயரை எடுக்காதே என்பது பெரும்பாலான உரிமங்களின் விதி. மாற்றி விநியோகித்தால் உன் மாற்றத்தையும் திறந்தே வை என்பது சிலவற்றின் விதி. பொதுச் சொத்து பொதுச் சொத்தாகவே இருக்க இது வேலி.

நம் மக்களுக்கு இது புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் தொழிலாளர்கள். தனியே ஒரு மரம்கூட வாங்க முடியாதவர்கள், சேர்ந்து தோட்டங்களையே வாங்கினார்கள். பேரன் கட்டுவதும் அப்படி ஒரு பத்து வெள்ளிதான். காசுக்குப் பதில் உழைப்பாகக் கட்டுகிறான்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். இந்த வேலை பள்ளிப் படிப்பையும் தூக்கத்தையும் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை தேடும்போது இந்தப் பதிவுகளைக் காட்டலாம்; அதற்காக வேலை நிச்சயம் என்று எண்ணிவிட வேண்டாம். பிள்ளைகளே, கடவுச்சொல்லையோ, வேலையிடத்து நிரலையோ தவறியும் பொது ஏட்டில் ஏற்றாதீர்கள். அழித்தாலும் பழைய பதிவில் அது நிற்கும். விண்ணப்பம் திரும்பி வந்தால் கோபப்படாமல் படியுங்கள்.

புறப்படும்போது பையன் தன் பதிவைத் திறந்து காட்டினான். குறிப்பின் கடைசியில், இந்தத் திருத்தத்தைச் சொன்னவர் என்று பாட்டியின் பெயரைத் தமிழில் போட்டிருந்தான். முப்பது ஆண்டு பெரட்டில் ஓர் எண்ணாக நின்றவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“டேய், என் பேருல ‘ள’வுக்குப் பதிலா ‘ல’ போட்டிருக்கியே!”

பையன் தலையைச் சொறிந்தான். ஏற்கப்பட்ட பதிவை இனி மாற்றுவதற்கில்லை. ஆனால் அந்த நிரலில் நன்றிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் பாட்டியின் பெயரைச் சரியாக எழுதச் சொல்லி அன்றிரவே இன்னொரு விண்ணப்பம் அனுப்பிவிட்டான். நான் இதை எழுதும் இந்நாள் வரை பதில் வரவில்லை. பாட்டி தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.