வாய்பாட்டைத் திருப்பிக் கேளுங்கள்

கடந்த விடுமுறையில் வீட்டிற்கு வந்திருந்த என் பேத்தி, தரம் 4இல் கற்பவள், ஏழாம் வாய்பாட்டை மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்த நான், "56 புளியங்கொட்டைகளை 7 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை?" என்று கேட்டேன். பிள்ளை திகைத்து நின்றாள். "அப்பப்பா, அது வகுத்தல். நான் சொன்னது பெருக்கல்" என்றாள்.

குற்றம் அவளுடையதன்று. ஒரே உறவை இரண்டு பாடங்களாகப் பிரித்துக் கற்பித்த நம்முடையது.

நான் படித்த காலத்தில் வாய்பாடு தவறினால் பிரம்படி விழும். வாய்பாடு மனத்தில் பதிந்தது. கூடவே கணக்கின் மீதான அச்சமும் பதிந்தது. பின்னாளில் செய்தி ஆசிரியர் மேசையில் இருந்தபோது, 400 குடும்பங்களுக்கு 20 இலட்சம் ரூபா நிவாரணம் பகிரப்பட்டதாகவும், குடும்பமொன்று 10,000 ரூபா பெற்றதாகவும் வந்த செய்தியை அப்படியே அச்சேற்றினேன். வகுத்துப் பார்த்த வாசகர் ஒருவர், 5,000 ரூபாதானே வருகிறது என்று கடிதம் எழுதினார். எனக்குத் தலைகுனிவு. வகுத்துப் பார்க்கத் தெரிந்த குடிமகனை எண்களைக் காட்டி ஏமாற்றுவது எளிதன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

மனனம் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் பிள்ளைகள் மலைப்பது போல் சுமை பெரிதன்று. பத்தாம் வாய்பாடு வரை 100 பெருக்கல்கள் உள்ளன. 7×8, 8×7 இரண்டும் ஒன்றே என்று அறிந்தால் 55 ஆகக் குறையும். இலகுவான 1, 2, 5, 10 ஆகியவற்றை நீக்கினால் எஞ்சுபவை 21 மாத்திரமே. இதைப் பிள்ளைக்குச் சொன்னாலே பாதி அச்சம் அகலும்.

வகுப்பறையில் புளியங்கொட்டைகளை வரிசைக்கு 8 வீதம் 7 வரிசைகளாக அடுக்கச் செய்யுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதுவே 8 வரிசைகளில் ஏழேழு. மொத்தத்தை எண்ணினால் பெருக்கல். மொத்தத்தை வரிசைகளாகப் பங்கிட்டால் வகுத்தல். 58 கொட்டைகளைக் கொடுத்தால் மீதி 2 என்பதையும் பிள்ளை கண்ணாலேயே காணும்.

வீட்டில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். 7, 8, 56 ஆகிய மூன்று எண்களையும் ஓர் அட்டையில் முக்கோணமாக எழுதி, ஒன்றை விரலால் மறைத்துக் கேளுங்கள். 56ஐ மறைத்தால் பெருக்கல். மற்றவற்றுள் ஒன்றை மறைத்தால் வகுத்தல். வரிசைப்படி கேளாமல் மாற்றி மாற்றிக் கேட்பது அவசியம். பிழைத்தால் ஏசாதீர்கள், அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இடியப்பம் பரிமாறும்போது பங்கிடும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடலாம்.

புலம்பெயர் நாடுகளில் வேறு மொழியில் கணிதம் கற்கும் பிள்ளையிடம் தமிழில் கேட்கத் தயங்கும் பெற்றோரும் உளர். தயங்க வேண்டியதில்லை. அடுக்கிவைத்த கொட்டைகளை எம்மொழியில் எண்ணினாலும் விடை ஒன்றே.

புலமைப்பரிசில் பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். பங்கிட்டுப் பார்க்கும் பழக்கமோ வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும். பிரம்பும் கண்டிப்பும் இன்றி அதை வழங்குவது நம் கடமை.

விடுமுறை முடிந்து புறப்படும்போது பேத்தி என்னிடம் கேட்டாள்: "அப்பப்பா, 63 கொட்டைகளை 9 பேருக்குப் பங்கிட்டால்?" பதில் சொல்ல எனக்குத்தான் சிறிது நேரம் எடுத்தது.